எலும்புக் குவியல் ஓடை

இன்னைக்கு ஒரு சின்ன ஓடையோட கதை.

கனடாவுல சஸ்காட்சுவான் மாகாணத்தோட தலைநகர் ரெஜைனா. 2021 கணக்குப்படி அங்க சுமார் 2.26 லட்சம் பேர்தான். சுத்தி எங்க பார்த்தாலும் தட்டையான புல்வெளி. மலை கிடையாது, பெரிய ஆறும் கிடையாது. இருக்கிறது வஸ்கானா ஓடை மட்டும்தான்.

இந்தப் பேர் கிரீ பழங்குடி மக்களோட மொழியிலேர்ந்து வந்தது. ‘ஒஸ்கனா’ன்னா எலும்புகள். அவங்க வேட்டையாடின காட்டெருமைகளோட எலும்பெல்லாம் இந்தக் கரையில குவிஞ்சு கிடந்தது.

1882-ல இந்த இடத்தைத் தலைநகரா அறிவிச்சப்போ நிறைய பேர் எதிர்த்தாங்க. மரம் இல்ல, தண்ணியும் போதாது, இங்க போய் ஊரான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அடுத்த வருஷமே ஓடையில ஒரு அணை கட்டித் தண்ணியைத் தேக்கினாங்க. இன்னைக்கு ஊர் நடுவுல இருக்கிற வஸ்கானா ஏரி அப்படி வந்ததுதான். சட்டமன்றக் கட்டடமும் அதோட கரையிலதான் நிக்குது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1930-கள்ல நடந்தது. பொருளாதார மந்தம், எங்கயும் வேலை இல்ல. நிவாரண வேலைன்னு 2,107 பேர் இறங்கி, கைக் கருவிகளை வச்சே ஏரியை ஆழப்படுத்தினாங்க. தோண்டின மண்ணுல ரெண்டு தீவும் உருவாச்சு. திரும்பவும் வண்டல் சேர்ந்து ஏரி மேடாயிடுச்சு. 2004 குளிர்காலத்துல தண்ணியை வடிச்சிட்டு, இயந்திரங்களை வச்சு சுமார் 13 லட்சம் கன மீட்டர் மண்ணை அள்ளினாங்க.

இத்தனைக்கும் ஊருக்குக் குடிதண்ணி இந்த ஏரியிலேர்ந்து வரல. அது பஃபலோ பவுண்ட் ஏரியிலேர்ந்து வருது. நிழல், நடைபாதை, வாத்துக் கூட்டம், சாயங்காலம் உட்கார ஒரு கரை. இதுக்காகத்தான் ரெண்டு தலைமுறை தோண்டியிருக்கு.

ஆனா கதை ஏரியோட முடியல. ஊரோட கழிவுநீரைச் சுத்திகரிச்சு, ஊருக்குக் கீழ இதே ஓடையிலதான் விடுறாங்க. ஓடையில தண்ணி வத்துற நாட்கள்ல, அங்க ஓடுறதுல பெரும்பகுதி அந்தத் தண்ணிதான். அது அப்படியே குவாப்பெல் ஆத்துல போய்ச் சேருது. அந்த ஆத்துக் கரையிலயும் ஜனங்க இருக்காங்க.

நம்ம வேலையில இன்புட்டை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு அவுட்புட்டைப் பார்க்காம விட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். ஏரிக்கரை அழகா இருக்கிறதை வச்சு மட்டும் ஒரு ஊருக்கு மார்க் போட முடியாது. தண்ணி ஊரை விட்டு எப்படி வெளிய போகுதுன்னும் பார்க்கணும்.

உங்க ஊர் ஓடை எங்க போய்ச் சேருதுன்னு இந்த வாரம் ஒரு தடவை மேப்ல தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!