இரு மொழிக்கும் உரிய நடிகை

பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம் பண்டரிபாய் என்னும் பெயரைக் கேட்டவுடன் 'அம்மா' என்கிறோம். வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, கண்களில் நீர். இவ்வளவே நம் நினைவில் எழும் உருவம். அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவரிடம் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் காண்பது காளத்தி வேடனின் இளம் மனைவியை. மாமியார் கொடுமைக்கு ஆளான பக்தை சக்குவை. நடிகை ஒருவரே. ஆயினும் நாம் ஒரு பாதியை வைத்துக்கொண்டோம். அவர்கள் மறு பாதியை வைத்துக்கொண்டார்கள்.

பண்டரிபாய் கன்னடக் கடற்கரையில் உள்ள பட்கலைச் சேர்ந்தவர். தந்தையார் ஹரிகதை நிகழ்த்துபவர். மகளும் இளமையிலேயே அந்த மேடையில் ஏறினார். புராண நாடகங்களிலும் நடித்தார். ஹரிகதை நமக்கு அயலானதன்று. மராட்டிய நாட்டுக் கீர்த்தன மரபைத் தஞ்சை கிருஷ்ண பாகவதர் தமிழுக்கு ஏற்ப அமைத்தார்; அதையே நாம் கதாகாலட்சேபம் என்கிறோம். அதில் திரைச்சீலை இல்லை, ஒப்பனை இல்லை, துணைக்கு நடிகர் இல்லை. சப்ளாக்கட்டையைக் கையில் ஏந்திய ஒருவரே அரசனாகவும், அடிமையாகவும், அழும் குழந்தையாகவும் மாறவேண்டும். குரலைச் சிறிது தாழ்த்தினால் மருமகள். சிறிது நிமிர்த்தினால் மாமியார். பண்டரிபாயின் நடிப்பிற்கு வேர் இந்தக் குரற்பயிற்சியே என்பது நம் கருத்து.

1943-ஆம் ஆண்டில் ஹிரண்ணய்யா இயக்கிய 'வாணி' என்ற கன்னடப் படத்தின் வாயிலாக அவர் திரைக்கு வந்தார். மறு ஆண்டு வெளிவந்த தமிழ் 'ஹரிதாஸ்' படத்தில் சிறு வேடம் கிடைத்தது. பெருவாய்ப்பு 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில்தான் வந்தது. அப்படத்தை நினைக்கும்போது சிவாஜி கணேசனின் இடிமுழக்கமே நம் செவியில் நிற்கிறது, மு. கருணாநிதியின் உரையாடலுக்கு அது தக்கதே. ஆனால் விமலாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். தன் குடும்பத்திற்கு நேர்ந்த துன்பத்தையெல்லாம் குணசேகரன் கொட்டித் தீர்க்கிறான். இவ்வாறு துன்புறுவோர் நாட்டில் எத்தனையோ பேர் என்று எடுத்துக்காட்டி, அவனுடைய பொறுப்பை அவனுக்கு உணர்த்துபவள் அவளே. முழக்கத்திற்கு எதிரே முழக்கமிடாமல், தணிந்த குரலில் பேசியே பண்டரிபாய் அக்காட்சியைத் தம் வசமாக்கிக் கொள்கிறார்.

1954-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் தனிச்சிறப்புடையது. பாட்டே இல்லாத 'அந்த நாள்' அவ்வாண்டு வெளிவந்தது. எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தின் கதை, 1943-இல் சென்னையின் மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளில் நடப்பது. கொலையுண்டவன் ஒரு வானொலிப் பொறியாளன். வானொலியில் பேசும் நமக்கு அவன் கெட்டவனாக அமைந்தது சிறிது வருத்தமே! அவன் மனைவி உஷாவாகப் பண்டரிபாய் நடித்தார். ஒரு தட்டில் கணவன், மறு தட்டில் நாடு. முடிவைச் சொல்லிவிட நமக்கு மனமில்லை. படத்தைக் காணாத நேயர்களும் இருக்கலாம். அவர் தமிழில் நடித்தவற்றுள் இதற்கே நாம் முதலிடம் தருவோம்.

அதே ஆண்டில் கன்னட 'பேடர கண்ணப்பா' வந்தது. எச்.எல்.என். சிம்ஹா இயக்கினார். குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் பயின்ற ராஜ்குமார், கதாநாயகராக முதன்முதல் நடித்த படம் அது. வேடனின் மனைவி நீலாவாக நடித்தவர் பண்டரிபாய். ஒரே ஆண்டில் இரு மொழிகளில், நவநாகரிக மனைவியாகவும் வேட்டுவ மகளாகவும் அவர் விளங்கினார். 1954-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் இவ்விரு படங்களும் சிறப்புப் பெற்றன. 1955-இல் 'சந்த் சக்கு'. பண்டரிபுரத்து விட்டலன், கட்டுண்டு கிடந்த மருமகளுக்கு மாற்றாகத் தானே அவள் உருவில் வந்து நின்ற கதை அது. பெயரிலேயே பண்டரியைத் தாங்கியவருக்கு இதனினும் பொருந்திய வேடம் வேறு ஏது?

இனி ஒரு மனக்குறையைச் சொல்லவேண்டும். சிவாஜியும் பண்டரிபாயும் ஏறக்குறைய ஒத்த வயதினர். 1952-இல் அவருக்குக் காதலியாக நடித்தவர், 1969-இல் 'தெய்வமக'னில் அவரே ஏற்ற மூன்று வேடங்களில் ஒருவருக்கு மனைவி, இருவருக்குத் தாய்! எம்.ஜி.ஆர். அவரினும் பத்தாண்டுக்கு மேல் மூத்தவர். 1965-இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அவருக்கு அக்காள். 1968-இல் 'குடியிருந்த கோயி'லில் அவருக்கு அன்னை. நாயகர்கள் நாயகர்களாகவே இருந்தார்கள். நாயகிக்கு மட்டும் தலை விரைவில் நரைத்தது. இது ஒருவர் செய்த குற்றமன்று. படம் எடுத்தோரும் பார்த்த நாமும் உடன்பட்டே செய்தது. ஆயினும், கிடைத்த தாய் வேடங்களை அவர் ஒரே அச்சில் வார்க்கவில்லை. 1973-இல் 'கௌரவ'த்தில், பாரிஸ்டரின் செருக்கிற்கும் வளர்ப்பு மகன்மேல் கொண்ட பாசத்திற்கும் இடையே நின்று தவிக்கும் மனைவியின் அடக்கம், 'தெய்வமகன்' தாயின் ஏக்கத்தினின்று முற்றும் வேறானது.

1986-இல் கன்னட 'அனுராக அரளிது' படத்தில் ராஜ்குமாருக்கே தாயானார். அக்கதை 1992-இல் தெலுங்கில் 'கரானா மொகுடு' என்றும், தமிழில் 'மன்னன்' என்றும் வந்தபோது, மூன்றிலும் தாய் வேடம் பண்டரிபாய்க்கே வந்தது. நாயகர் மூவர், நாயகியர் மாறினர். அன்னை மட்டும் மாறவில்லை. 2003 ஜனவரி 29-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

'பேடர கண்ணப்பா'வைக் காணும் வாய்ப்பு நேர்ந்தால் நேயர்கள் தவறவிடவேண்டாம். கன்னடம் அரைகுறையாகத் தெரிந்தாலும் தடையில்லை. பெரியபுராணத்துக் கண்ணப்பர் கதை நம் குழந்தைகளுக்கும் தெரிந்ததே. அடுத்த வீட்டாரையும் உடன் அழைத்துக்கொண்டால், புரியாத சொல்லுக்கு அவர்கள் பொருள் சொல்வார்கள். 'அந்த நாள்' பார்க்கும்போது அவர்களுக்கு நாம் சொல்லலாம்.