கையடக்கக் கணிப்பொறி: லினக்ஸா, விண்டோஸா?



புனா நகரில் வேலை பார்க்கும் நம் சிற்றப்பா மகன் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நான்கு மாதமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். கையில் வைத்து விளையாடும் கணிப்பொறி ஒன்று வாங்க வேண்டும். லினக்ஸ் உள்ளதை வாங்கட்டுமா, விண்டோஸ் உள்ளதை வாங்கட்டுமா?" என்று கேட்டான். மூவர் தங்கும் ஓர் அறை அது. அங்கே மேசையிட்டுக் கணிப்பொறி வைக்க இடமேது? ஆகவே கையடக்கக் கருவியே அவனுக்கு ஏற்றது. நாம் சற்றும் தயங்காமல், "லினக்ஸ் உள்ளதையே வாங்கு" என்றோம். அவனும் வாங்கினான். அந்த அறிவுரையில் பாதி சரி, பாதி பிழை. பிழையான பாதி எதுவென்று பின்னர்ச் சொல்லுவோம். முதலில் சரியான பாதியைச் சற்று விரிவாகக் காண்போம்.

கையடக்கக் கணிப்பொறி என்பது செல்பேசி அன்று. மேசைக் கணிப்பொறிக்காக எழுதப்பட்ட பெரிய விளையாட்டுகளை இயக்கும் முழுமையான கணிப்பொறியே அது. நடுவில் திரை, இரு புறமும் பொத்தான்கள், கட்டைவிரலுக்கு இரண்டு குமிழ்கள், இவ்வளவே அதன் உருவம். இவ்வகையில் பெயர் பெற்றது அமெரிக்காவின் வால்வு நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக். 7 அங்குலத் திரை, 16 ஜிகாபைட் நினைவகம், 669 கிராம் எடை. வெளியானபோது அமெரிக்காவில் தொடக்க விலை 399 டாலராக இருந்தது. இதன் இயங்குதளம் ஸ்டீம் ஓ.எஸ். எனப்படும்; ஆர்ச் லினக்ஸ் என்னும் லினக்ஸ் வகையின்மேல் அமைந்தது. மறுபக்கத்தில் ஏசூஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆர்.ஓ.ஜி. அலை, அதே ஆண்டில் வந்த லெனோவோவின் லீஜன் கோ போன்றவை விண்டோஸ் 11 உடன் வந்தன.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பே. கணிப்பொறி விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. அவை லினக்ஸில் எவ்வாறு ஓடும்?

அன்பர்களே, இதற்கு உங்களுக்குப் பழக்கமான ஓர் உவமையே போதும். ஊரைவிட்டு வந்த புதிதில், இந்தி அறியாத நாம் டில்லிக் காய்கறிக் கடையில் எப்படிப் பேரம் பேசினோம்? பக்கத்து வீட்டுக்காரர் யாரேனும் துபாஷியாக நின்றார். நாம் தமிழில் சொன்னதை அவர் இந்தியில் சொன்னார். கடைக்காரர் சொன்னதைத் தமிழில் திருப்பித் தந்தார். காயும் வந்தது, சில்லறையும் வந்தது. லினக்ஸில் இந்தத் துபாஷியின் வேலையைச் செய்வது 1993இல் தொடங்கப்பட்ட வைன் என்னும் நிரல். விண்டோஸ் நிரல் ஒன்று, "இந்தக் கோப்பைத் திறந்து கொடு" என்று விண்டோஸின் முறையில் கேட்கும். வைன் அதனை லினக்ஸ் அறியும் முறையில் கேட்டு வாங்கித் தரும். விண்டோஸ் கணிப்பொறி ஒன்றையே உள்ளே பொய்யாகப் படைத்துக் காட்டும் வித்தை அன்று இது. ஆகையால்தான் வேகம் பெரிதும் குறைவதில்லை.

ஆனால் விளையாட்டுக்கு இது மட்டும் போதாது. படம் வரைய வேண்டுமே! விண்டோஸ் விளையாட்டுகள் டைரக்ட் 3டி என்னும் முறையில் வரைபடச் செயலிக்கு ஆணையிடுகின்றன. லினக்ஸிலோ வல்கன் என்னும் பொது முறை உண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற டி.எக்ஸ்.வி.கே. முதலிய நிரல்களை ஆர்வலர்கள் எழுதினர். வைனையும் இவற்றையும் ஒன்றாகக் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் வால்வு வெளியிட்டது. அந்த ஆண்டுக்கு முன் லினக்ஸில் விளையாடுவது என்றால் பொழுதுபோக்கு அன்று, தவம்! வால்வு நிறுவனமே 2015இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் பிற நிறுவனங்களைக் கொண்டு லினக்ஸ் கணிப்பொறிகளை விற்க முயன்று தோல்வி கண்டது. விளையாட்டுகளை எழுதியோர் லினக்ஸுக்கென்று மீண்டும் எழுத முன்வரவில்லை. அவர்களை வருந்தி அழைப்பதைவிடத் துபாஷியைப் பயிற்றுவிப்பதே மேல் என்று அதன் பின் கண்டுகொண்டார்கள் போலும்.

துபாஷி சில வேளைகளில் மூலத்தையே மிஞ்சுவதும் உண்டு. 2022 பிப்ரவரியில் வெளிவந்த எல்டன் ரிங் என்னும் விளையாட்டு, விண்டோஸ் கணிப்பொறிகளில் அவ்வப்போது திக்கித் திக்கி ஓடியது. வால்வின் பொறியாளர்கள் மொழிமாற்றும் நிரலில் சில திருத்தங்களைச் செய்தனர். ஸ்டீம் டெக்கில் அத்திக்கல் பெரிதும் குறைந்தது. இன்னொரு வசதியும் உண்டு. விளையாட்டுக்குள் ஒளியையும் நிழலையும் தீட்டும் சிறு நிரல்களை ஷேடர் என்பர். அந்தந்தக் கணிப்பொறி அவற்றை அந்தந்த நேரத்தில் தொகுக்கும்போதுதான் படம் ஒரு கணம் நின்று போகிறது. ஸ்டீம் டெக் கருவிகளிலோ வரைபடச் செயலி ஒரே வகையானது. ஆகவே தொகுத்து முடித்த ஷேடர்களையே முன்கூட்டி இறக்கிக்கொள்ள முடிகிறது. ஊருக்கு ஊர் வேறுபடும் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு இது எளிதன்று.

2025இல் லெனோவோ, லீஜன் கோ எஸ் என்னும் ஒரே கருவியை விண்டோஸ் உடனும் ஸ்டீம் ஓ.எஸ். உடனும் விற்றது. ஒரே உடலில் இரு இயங்குதளங்களையும் ஒப்பிட இது நல்ல வாய்ப்பு. ஆர்ஸ் டெக்னிகா என்னும் அமெரிக்க இதழ் அவ்வாறு சோதித்தபோது, பெரும்பாலான விளையாட்டுகள் லினக்ஸிலேயே விரைவாக ஓடின. விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, விண்டோஸ் இல்லாத இடத்தில் விரைவாக ஓடுகின்றன! வேடிக்கை அல்லவா?

எனினும் அன்றாடம் பயன்படுத்துவோர் முதலில் உணர்வது வேகத்தை அன்று. உறங்கி விழிக்கும் தன்மையையே. ஸ்டீம் டெக்கில் நடு ஆட்டத்தில் மின்பொத்தானை அழுத்தினால் கருவி உறங்கிவிடும். மறுநாள் மாலை அழுத்தினால், வாளை ஓங்கிய வீரன் ஓங்கியபடியே நிற்பான். அலுவலகப் பேருந்தில் இருபது நிமிடம், இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் என்று துண்டுதுண்டாகவே ஓய்வு கிட்டும் ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விண்டோஸ் கையடக்கக் கருவிகளில் இந்த உறக்கம் நம்பத்தக்கதாக இருப்பதில்லை என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் குறை. மேலும் விண்டோஸ் என்பது விசைப்பலகையும் சுட்டியும் கொண்ட மேசைக்காக அமைந்தது. 7 அங்குலத் திரையில் அதன் சிறு சிறு சதுரங்களை விரலால் தொட முயல்வது, தடித்த கையுறை அணிந்து ஊசியில் நூல் கோப்பது போன்றதே. மைக்ரோசாஃப்ட் இதனை உணராமல் இல்லை. 2025 அக்டோபரில் ஏசூஸுடன் சேர்ந்து வெளியிட்ட ஆர்.ஓ.ஜி. எக்ஸ்பாக்ஸ் அலை கருவியில், மேசைத் திரையை ஏற்றாமல் நேரே விளையாட்டுப் பட்டியலுக்குச் செல்லும் முழுத்திரை முறையைக் கொண்டுவந்தது. முன்னேற்றமே, ஆயினும் அடியில் இருப்பது அதே விண்டோஸ்.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். முதல் ஸ்டீம் டெக்கின் மின்கலம் 40 வாட்-மணி. 2023 நவம்பரில் வந்த ஓ.எல்.இ.டி. திரை கொண்டதில் 50. கடினமான விளையாட்டானால் பழையது இரண்டு மணி நேரம் தாங்குவதே அரிது. விரைவு வண்டியில் புது டில்லியிலிருந்து சென்னை சேர ஒரு பகலும் இரவும் போதாத நமக்கு இது முக்கியமான செய்தி. இங்கே லினக்ஸ் கருவியில் ஒரு நல்ல உபாயம் உண்டு. ஒரே பொத்தானை அழுத்தி, செயலி உண்ணும் வாட் அளவையும் நொடிக்கு இத்தனை படங்கள் என்ற கணக்கையும் குறைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 40 படங்கள் என்று வைத்துப் பாருங்கள். 30 படமானால் படத்துக்குப் படம் இடைவெளி 33 மில்லி நொடி. 60 ஆனால் 17. 40 ஆனால் 25. கணக்கில் 40 என்பது 30க்கு அருகில் இருப்பினும், கண்ணுக்கு அது இரண்டுக்கும் சரிபாதி. மின்சாரமும் மிச்சம், ஆட்டமும் வழுக்கிச் செல்லும். வண்டி புறப்படுமுன் விளையாட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, ஸ்டீமை இணையமில்லா நிலைக்கு மாற்றிக்கொள்ள மறவாதீர்கள். நடுவழியில் அலைவரிசை இல்லாத இடத்தில் அது கடவுச்சொல் கேட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

இனி, நம் பிழைக்கு வருவோம்.

தம்பி வாங்கிய முதல் வாரம் பெருமகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை இரவு வந்தது. மதுரையில் அவனோடு பள்ளியில் படித்த நண்பர் இருவர் உண்டு. மூவரும் வெள்ளிதோறும் இரவு பத்து மணிக்கு இணையத்தில் கூடி ஒரே அணியாக ஆடுவது வழக்கம். ஆட்டம் என்பது ஒரு சாக்கு. ஊர்ப் பேச்சுதான் உண்மை. எவருக்குக் கல்யாணம் நிச்சயமானது, எந்தக் கடையை இடித்துவிட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் அவனுக்குத் தெரிய வரும். புதிய கருவியில் அந்த விளையாட்டைத் திறந்தான்; உள்ளே விட மறுத்தது. மறுநாள் நம்மை அழைத்தான். நாமும் இரண்டு மாலைகள் செலவிட்டுப் பார்த்தோம். பயனில்லை.

காரணம் துபாஷியின் திறமைக் குறைவு அன்று. கூட்டாக ஆடும் விளையாட்டுகளில் சிலர் களவாகச் சுவரை ஊடுருவிப் பார்ப்பதும் தானே குறிவைக்கும் நிரலைச் சேர்ப்பதும் உண்டு. அவர்களைப் பிடிக்க ஏமாற்றுத் தடுப்பு நிரல்கள் ஏற்பட்டன. அவற்றுட் சில, விண்டோஸின் கெர்னல் என்னும் உள்ளறைக்கே சென்று காவல் நிற்கின்றன. லினக்ஸில் அந்த உள்ளறையே வேறு. துபாஷி வாசலில் நின்று பேசலாம், பூசையறைக்குள் நுழைய முடியாது. வாலரண்ட் விளையாட்டின் வான்கார்டு அத்தகையது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்-ஐ என்னும் வேறு இரண்டும் 2021 முதல் புரோட்டானுக்கு இடந்தருகின்றன. ஆனால் விளையாட்டை நடத்துவோர் சம்மதித்தால்தான் அவ்வழி திறக்கும். ஃபோர்ட்நைட் சம்மதிக்கவில்லை. அதுவரை லினக்ஸில் ஆடப்பட்டு வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் கதவை மூடியது. ஏமாற்றுவோர் லினக்ஸ் வழியே மறைந்து வருகின்றனர் என்பது அவர்கள் கூறிய காரணம். லினக்ஸில் ஆடுவோர் சிறு தொகையினர் என்பதும் உண்மையே: ஸ்டீமின் மாதக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 3 சதவீதத்தைக் கடந்ததே 2025 அக்டோபரில்தான்.

நம் கருத்தைக் கேட்டால், ஒரு விளையாட்டுக்காகக் கணிப்பொறியின் உள்ளறைச் சாவியை அயலாரிடம் கொடுப்பது நமக்கு உவப்பானதன்று. ஆனால் இதை அந்தத் தம்பியிடம் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. அவன் கேட்டது கொள்கையை அன்று, வெள்ளிக்கிழமை இரவை.

ஆகவே வாங்க எண்ணுவோர் கடைக்குப் போகுமுன், தாம் ஆடும் விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்க. ஸ்டீம் கடையிலேயே ஒவ்வொரு விளையாட்டுக்கும், டெக் கருவியில் சரிபார்க்கப்பட்டது, ஆடத்தக்கது, ஆதரவில்லாதது என்று குறிப்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தா வைத்திருப்போர்க்கு, இறக்கி ஆடும் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடா. எபிக், ஜி.ஓ.ஜி. கடைகளில் வாங்கியவற்றை ஹீரோயிக் என்னும் இலவச நிரலால் பெரும்பாலும் ஓட்டலாம். சற்றுப் பொறுமை வேண்டும். நம் நாட்டில் இன்னொரு செய்தியும் கணக்கில் வரும். ஸ்டீம் டெக்கை 2025 வரை வால்வு இந்தியாவில் நேரே விற்கவில்லை. வணிகர்கள் வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்றனர். பழுதானால் முறையிட முறையான இடமில்லை. ஆர்.ஓ.ஜி. அலையோ 2023 ஜூலையிலேயே ரூ. 69,990 விலையில் இங்கு முறையாக வெளிவந்தது.

இரண்டுங்கெட்டானாக ஒரு வழியும் இருக்கிறது. விண்டோஸ் கருவியை வாங்கி, அதில் லினக்ஸை ஏற்றிக்கொள்வது. 2025 மே மாதம் வந்த ஸ்டீம் ஓ.எஸ். 3.7 பதிப்பு, ஏ.எம்.டி. செயலி கொண்ட பிற நிறுவனக் கருவிகள் சிலவற்றுக்கும் இடந்தந்தது. ஃபெடோராவின்மேல் அமைந்த பேஸ்ஸைட் என்பதும் உண்டு. மாறாக, டெக்கில் விண்டோஸை ஏற்றவும் வால்வே இயக்கி நிரல்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அப்படி ஏற்றினால் நாம் மேலே புகழ்ந்த உறக்கமும் ஒற்றைப் பொத்தான் உபாயமும் போய்விடும்.

தம்பிக்கு இந்த வழியைச் சொன்னோம். அவன் ஒப்பவில்லை. "இருக்கட்டும் அண்ணே, மற்ற ஆறு நாளுக்கு இதுவே நன்றாக இருக்கிறது" என்றான். இப்பொழுது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, அறைத் தோழரின் மடிக்கணிப்பொறியை இரவல் வாங்குகிறான். அதற்கு ஈடாக அன்று இரவு முழுவதும் கையடக்கக் கருவி தோழரின் கையில். அந்தத் தோழர் நாகபுரிக்காரர். சென்ற மாதத்திலிருந்து, மதுரை நண்பர்களிடம் அவரும் இரண்டொரு தமிழ்ச் சொல் பேசத் தொடங்கியிருக்கிறாராம்.