தொண்டுப் பணியும் மேற்பட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



முதற் பட்டத்தையே இன்னும் பெற்று முடியாத மாணவராகிய நாம் இரண்டாம் பட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது இங்குள்ள பெரியோர்களுக்குச் சிறு நகையை விளைவிக்கலாம். ஆயினும், சந்தைக்குப் போகின்றவனன்றோ விலையை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்!

எம்முடன் பயில்வோரிற் சிலர் அரசாங்க உத்தியோகத்தை நாடாது, சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், கிராம முன்னேற்றச் சங்கம் போன்ற பொதுத்தொண்டு நிறுவனங்களிற் பணிபுரிய விரும்புகின்றனர். “அப்படியானால் முதுமாணிப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போ” என்று வீட்டிலே சொல்கின்றனர். அதற்காகக் காணியை ஈடுவைக்கவும் நகையை அடைவு வைக்கவும் பெற்றோர் துணிகின்றனர். ஆகவே இது வெறும் விவாத அரங்கப் பொருளன்று. ஒரு குடும்பத்தின் காணியும் ஓர் இளைஞரின் இரண்டு வருடங்களும் இதிலே தங்கியிருக்கின்றன.

பட்டம் இன்றித் தொண்டு இல்லையா? 1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராகிய ஆரியரத்தின அவர்கள் மாணவரை அழைத்துக்கொண்டு குருநாகற் பக்கத்துக் கனத்தொலுவ என்னும் கிராமத்திற்குச் சென்று சிரமதானம் செய்தார். சர்வோதய இயக்கம் அங்கே பிறந்தது. மேற்பட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பட்டத்தினாற் பயனே இல்லையா? வர்க்கீஸ் குரியன் அவர்கள் அமெரிக்காவின் மிச்சிக்கனிற் பொறியியல் முதுமாணிப் பட்டம் பெற்று, 1949இல் குசராத்துப் பகுதியிலுள்ள ஆனந்த் என்னும் ஊருக்கு வந்தார். குளிர்காலத்தில் மிகுதியாகும் எருமைப்பால் விலைப்படாது உழவர் வருந்தினர். எருமைப்பாலைப் பால்மாவாக்க இயலாதென்று மேனாட்டு நிபுணர் கூறினர். குரியனும், அமெரிக்காவில் அவருக்கு நண்பரான தலாயாவும் அதனை இயலச்செய்தனர். 1955இற் கூட்டுறவுச் சங்கத்தின் ஆலை திறக்கப்பெற்றது. அங்கே கல்வி பயன்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கல்விக்குரிய கேள்வியைக் கொடுத்தது ஆனந்தின் பாற்காரரே என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்றாவது உதாரணம் வங்காளதேசம். பசல் ஹசன் ஆபெத் என்பவர் இலண்டனிற் கணக்கியல் பயின்றவர். 1972இல் பிராக் நிறுவனத்தைத் தொடங்கினார். வயிற்றோட்டத்தாற் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, அந்நிறுவனப் பெண் ஊழியர்கள் 1980 முதல் வீடு வீடாகச் சென்று, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் நீரிற் கரைத்துக் கொடுக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தனர். ஒரு மாதமளவிற் சென்றபின், தாய்மாரிற் சிலரைத் தெரிந்து, “கற்றது நினைவிருக்கிறதா?” என்று வேறொருவர் விசாரிப்பார். தாய் எவ்வளவு நினைவு வைத்திருந்தாளோ அவ்வளவுக்கே கற்பித்தவருக்குக் கூலி! கற்பித்த பெண்கள் பெரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆயின், யாரைத் தெரிந்து விசாரிப்பது, எப்படி அளப்பது என்று வகுப்பதற்குப் படித்தவர் வேண்டியிருந்தது. “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம்மவர் வாக்கன்றோ?

இவற்றிலிருந்து நாம் துணிவது யாது? மேற்பட்டத்தை நாடுவோர் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: இக்கதவு பட்டத்தாலன்றித் திறவாததா? சில கதவுகள் அத்தகையன. அமெரிக்காவிலே சமூகப்பணியாளராக உளச்சிகிச்சை அளிக்கும் அனுமதி பெறுவதற்குச் சமூகப்பணி முதுமாணி இன்றியமையாதது. அப்படிப்பினுள்ளும் 900 மணித்தியாலக் களப்பயிற்சி உண்டு. வேறு சில கதவுகள் பூட்டியன போலத் தோன்றும். ஐக்கிய நாடுகள் செயலகத்தின் விளம்பரங்களைப் பாருங்கள். முதுமாணிப் பட்டம் வேண்டும் என்பர். முதற் பட்டத்தோடு மேலும் இரண்டு வருடத் தகுந்த அனுபவம் உடையாரையும் ஏற்கலாம் என்று பல விளம்பரங்களில் அடுத்த வரியே கூறும். அடுத்த வரியை வாசியாமற் காணியை ஈடுவைத்தல் அறிவுடைமையாகாது.

இரண்டாவது: எந்த அறிவு குறைகின்றது? “மேலே படிக்க வேண்டும்” என்பது விடையன்று. கணக்கு வைக்கத் தெரியவில்லையா? துயருற்ற பிள்ளையோடு பேசத் தெரியவில்லையா? திட்டத்தின் பயனை அளக்கத் தெரியவில்லையா? கணக்கை மாலை வகுப்பிற் கற்கலாம். பிள்ளையோடு பேசும் வித்தையை முறையாகக் கற்கத்தான் வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே, 1952இல் தொடங்கிய சமூகப்பணிக் கல்வியின் வழிவந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உண்டு. குறை இன்னதென்று தெரியாதவருக்குப் பட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

மூன்றாவது: விலையைக் கொடுப்பவர் யார்? இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. தொண்டு நிறுவனத்தின் சம்பளம் ஈட்டை மீட்பதற்குப் போதுவது அரிது. வட்டி ஏறும், தங்கையின் கலியாணம் வரும், பட்டம் பெற்றவர் அதிக சம்பளத்தைத் தேடிப் பிறதுறைக்கோ பிறநாட்டுக்கோ போவார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் தொண்டுக்கென்று எடுத்த பட்டமே தொண்டரைத் தொண்டிலிருந்து பிரித்துவிடுகின்றது! கடன்பட்டுப் பெறும் பட்டத்தில் உள்ள பேராபத்து இதுவே.

ஆகவே எமது முடிபு இதுதான்: முதலிற் களம், பின்னர்ப் பட்டம். இரண்டு வருடமாவது பணி செய்வோம். களம் விடுக்கும் கேள்விக்குக் களத்திலே விடை கிடையாதபோது படிக்கப் புறப்படுவோம். அதுவும் புலமைப்பரிசிலோடோ, வேலையை விடாத பகுதிநேரப் படிப்பாகவோ அமையட்டும். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலும் 2,800 மணித்தியாலம், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம், பணிசெய்தோர்க்கே உரியது; படித்து முடித்தவர் தாய்நாட்டிற்குத் திரும்ப வேண்டும் என்பதும் அதன் விதி.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நிறுவனங்களை நடத்துவோர் தங்கள் ஊழியர் படிக்கச் செல்லும்போது விடுமுறை அளித்து, அவருடைய இடத்தைக் காத்துவைப்பீர்களாக. பெற்றோர், “எந்தப் பட்டம்?” என்று வினவுமுன், “அங்கே உன்னால் யாருக்கு என்ன ஆயிற்று?” என்று வினவுவீர்களாக. அந்த வினாவுக்கு விடைசொல்லக் கூடிய பிள்ளைக்குப் பட்டம் அணிகலனாகும்.