மீளாத் தண்டனையும் கொல்லா அறமும்
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



அருகன் அறத்தில் கொல்லாமையே முதல் விரதம். துறவியர்க்கு அது மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம். குற்றம் புரிந்தவனை ஒறுப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. உயிரைப் பறித்துத்தான் ஒறுக்க வேண்டுமா என்பதே வினா.

சமணத் துறவியாகப் போற்றப்படும் இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் இவ்வினாவை நம் கண்முன் நிறுத்துகிறார். அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். கோவலனைக் கள்வன் என்று காட்டிக் கொடுத்தவனும் அவனே. பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். கொல்லச் சென்றோருள்ளும் ஐயம் எழுந்தது. ஆயினும் ஒருவன் வாளை வீசிவிட்டான். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது உண்மை வெளிப்பட்டது. வெட்டுண்ட வாழ்வை அவ்வுண்மையால் ஒட்ட இயலவில்லை.

முறையான விசாரணை இருந்தால் இவ்வாறு நேராது என்பாருளர். இலண்டனில் திமோதி எவன்ஸ் என்பவர், தம் பச்சிளங் குழந்தையைக் கொன்றார் என்று நீதிமன்றத்தில் விசாரிக்கப்பெற்று, 1950இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் வாழ்ந்த கிறிஸ்டி. 1953இல் அவ்வீட்டில் பெண்களின் சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. எவன்ஸின் மனைவியைக் கொன்றதையும் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். 1966இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பெற்றது. அதனைப் பெற்றுக்கொள்ள அவர்தாம் இல்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 1980இல், பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே மரண தண்டனை விதிக்கத்தகும் என்றது. அவ்வரம்பு தூக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பிழைபட்ட ஒரு தூக்கைத் திருத்தும் வழியைத் தாராது.

மகளைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன விடை என்று கேட்கலாம். அவர் துயரம் அளப்பரியது, சினமும் இயல்பே. கொடியவனை ஆயுள் முழுதும் சிறையில் வைத்துப் பிறரைக் காப்பது அத்தாய்க்கு அரசு செலுத்த வேண்டிய கடன். இன்னோர் உயிரை எடுப்பதால் அவர் மகள் மீளாள்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது ஜின தருமம். தூக்குமேடையில் விசையை இழுப்பவர் ஒருவர். ஆணையில் கையெழுத்திடுபவர் ஒருவர். தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ‘தூக்கில் போடு’ என்போர் பல்லாயிரவர். சிற்றுயிர்க்கும் இன்னல் நேரலாகாதெனப் பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லங்களில், அச்சொல் எழலாமா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டுத் தெளிக.