பழைய இசைத்தட்டும் புதுக்கிய பதிப்பும்

சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டு வேற்று மாநிலத்தில் குடிபுகுந்தவர் ஒரு வகையினர். இருந்த இடத்தை விட்டு ஓரடியும் பெயராமலே வேற்று மாநிலத்தவர் ஆனவர் மற்றொரு வகையினர். சித்தூர்த் தமிழர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது சித்தூர் அதனோடு சென்றது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபொழுது திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மீண்டது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. நாம் சித்தூரிற் பிறந்து, இப்பொழுது தலைநகரில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிவதால், இருவகையாருள்ளும் ஒருவராவோம். இத்தகையோர் ஊரை உடன் எடுத்துச் செல்ல வழி இரண்டே உண்டு: ஒன்று சமையல், மற்றொன்று சங்கீதம். இன்று இரண்டாவதைப் பற்றிச் சில சொற்கள்.

பழைய ஒலிப்பதிவுகளைப் பழுதுபார்த்து மீண்டும் வெளியிடும் வழக்கம் இக்காலத்தில் பெருகியுள்ளது. இவற்றை ‘ரீமாஸ்டர்’ செய்த பதிப்புகள் என்பர். நாம் ‘புதுக்கிய பதிப்பு’ என்று கூறுவோம். நல்ல செவியுடைய அன்பர் பலர் இவற்றைத் தேடிச் சேர்க்கத் தொடங்கியுள்ளனர். சேர்க்க விரும்புவோர் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதே கேள்வி. நம் தொழில் இதற்கு ஓரளவு உதவும் என்று எண்ணுகிறோம். ஏனெனில், புதுக்கிய பதிப்பு என்பதும் ஒரு மொழிபெயர்ப்பே ஆகும். மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி, இது மூலத்திலிருந்து பெயர்த்ததா, வேறொரு பெயர்ப்பிலிருந்து பெயர்த்ததா என்பது. இசைத்தட்டிடமும் இதனையே கேட்கவேண்டும்.

மூலம் என்பது யாது? 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய காலத்தில் ஒலிப்பதிவில் மின்சாரம் இல்லை. பாடகர் ஒரு புனலை நோக்கிப் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடிட்டது. மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் அதில் ஏறா. 1925 முதல் மின்முறைப் பதிவு வந்து, ஒலியின் எல்லை விரிந்தது. அரக்குத் தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடங்களே பாடலாம். பின்னர் ஒலிநாடாவும், 1948-இல் அமெரிக்காவில் நெடுநேரத் தட்டாகிய எல்.பி.யும் வந்தன. ஆகவே, 78 சுற்றுத் தட்டுகளின் காலத்திற்கு மூலம் பெரும்பாலும் அந்தத் தட்டேயாகும், எல்.பி. காலத்திற்கு மூலம் ஒலிநாடா. நாடா கிடைத்திருந்தும் தேய்ந்த தட்டிலிருந்து எடுத்த பதிப்பு, பெயர்ப்பின் பெயர்ப்பு.

சேகரம் தொடங்குவோர் உலகத்தையெல்லாம் ஒரே நாளில் வாங்க முற்படுவர். அடுத்த மாதமே சலிப்படைவர். எல்லை வகுத்துக்கொள்வது நலம். நாம் வகுத்த எல்லை நம் ஊரே. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையவர்கள் 1898-இல் பிறந்து, காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடம் பயின்று, 1954-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர், 1975-இல் மறைந்தார். லயத்தில் அவருக்கிருந்த பிடிப்பைப் பழைய பதிவுகள் இன்றும் காட்டும். அடுத்தவர் சித்தூர் நாகையா. 1941-இல் வெளியான ‘அசோக்குமார்’ தமிழ்ப் படத்தில் அசோகச் சக்கரவர்த்தி. 1945-இல் ‘மீரா’வில் எம். எஸ். சுப்புலட்சுமியோடு ராணா, 1946-இல் தெலுங்கில் ‘தியாகய்யா’. பாடவும் நடிக்கவும் வல்லவர். இவ்விருவரும் ஒரு தட்டு அலமாரியின் முதல் வரிசைக்குப் போதுமானவர்.

இரண்டாம் வரிசை திருப்பதிக்கு உரியது. 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம். எஸ். அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் எந்த மாநிலத்துத் தமிழர் இல்லத்திலும் வைகறையில் ஒலிப்பது. 1980-ஐ ஒட்டி, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் அவர் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலை ஐந்து தொகுதிகளாக வந்தது. அன்னமாசாரியர் கீர்த்தனங்கள் அதன்வழியே தென்னாட்டு வீடுகளுட் புகுந்தன. அன்னமாசாரியர் பாடல்களுக்கெனத் தேவஸ்தானம் 1978-இல் ஒரு திட்டமே ஏற்படுத்தியது. அதிற் பல்லாண்டு பணியாற்றிய கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் 2025-இல் மறைந்தார். அவர் குரலும் இவ்வரிசையில் இருக்கவேண்டும்.

அன்னமாசாரியரைப் பற்றி நினைக்குந்தோறும் ஒரு செய்தி மனத்தை உறுத்தும். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர் பாடியவை செப்பேடுகளிற் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் ஓர் அறையில் வைக்கப்பட்டன. 1922-இல் அவை மீண்டும் வெளிப்பட்டன. ஆயிரமாயிரம் பாடல்களின் சொற்கள் அவற்றில் இருந்தன. பாடல்தோறும் இராகத்தின் பெயரும் இருந்தது. ஆனால் அவர் பாடிய மெட்டு இன்னதென அறிய வழியில்லை. பிற்கால வித்வான்கள் புதிதாக மெட்டமைத்தே பாடவேண்டியதாயிற்று. செம்பு சொல்லைக் காத்தது. ஒலியைக் காக்க அக்காலத்திற் பொருள் இல்லை. நம் காலத்தில் உண்டு. அதை நாம் எவ்வாறு பேணுகிறோம் என்பதே வினா.

இங்கே நம் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம் தந்தையாரிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. சில, பாட்டனார் வாங்கிய அரக்குத் தட்டுகள். ஒவ்வோர் உறையிலும் வாங்கிய நாளை மசியால் எழுதியிருப்பார். அவர் மறைந்த பின் சித்தூர் வீட்டைக் காலி செய்து அன்னையாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். அப்பொழுது அப்பாடல்களுட் பல, குறுந்தகடுகளாகப் ‘புதுப்பொலிவுடன்’ கடைக்கு வந்திருந்தன. இனி இந்தச் சுமை எதற்கு என்று எண்ணிப் பெட்டியைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டோம்.

தில்லியில் ஒரு மாலை, அன்னையாருக்கு மிகவும் விருப்பமான பாட்டைக் குறுந்தகட்டில் வைத்தோம். இரைச்சல் இல்லை, கீறல் இல்லை, கண்ணாடி போல் இருந்தது. அவர் சற்றுக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குதப்பா, ஆனா பின்னாலே யாரும் உட்கார்ந்திருக்கிற மாதிரித் தெரியலையே” என்றார். நாம் மீண்டும் செவி கொடுத்தோம். தம்பூராவைக் காணோம்! வித்வான் வெற்றிடத்தில் தனியே நின்று பாடிக்கொண்டிருந்தார்.

காரணம் பின்னரே விளங்கிற்று. இரைச்சலை நீக்கும் கணிப்பொறிக் கருவி, பாட்டு இல்லாத ஓரிடத்தைக் கேட்டு, அங்கே மாறாமல் ஒலித்துக்கொண்டிருப்பது எதுவோ அதுவே இரைச்சல் என்று கொள்கிறது. பின்னர் அதனைப் பாட்டு முழுவதிலிருந்தும் கழிக்கிறது. முள் உரசும் ஓசை மாறாமல் ஒலிப்பது. தம்பூராவும் மாறாமல், மெல்ல ஒலிப்பது. கருவியைக் கையாள்பவர் நம் சங்கீதம் அறியாதவராயினும், அறிந்தும் அளவு மீறினாலும், உமியோடு அரிசியும் போய்விடும். மேனாட்டு இசைக்கு இக்கேடு இவ்வளவு இல்லை. சுருதியை ஆதாரமாகக் கொண்ட நம் இசைக்கு இது அடித்தளத்தைப் பெயர்ப்பதாகும். ஆகவே நேயர்கள் முதற்சோதனையாக இதனைக் கொள்ளலாம்: பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியைக் கேளுங்கள். அங்கே தம்பூரா இருக்கிறதா? பாட்டின் ஈற்றில் நாதம் மெல்ல அடங்குகிறதா, கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறதா?

இரண்டாவது சோதனை சுருதி பற்றியது. 78 சுற்றுத் தட்டு என்று பெயரேயன்றி, பழைய தட்டுகள் யாவும் துல்லியமாக நிமிடத்திற்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும், காலப்பிரமாணமும் விரையும், குரலின் கனமும் மாறிவிடும். அவ்வித்வான் வழக்கமாக எத்தனை கட்டையிற் பாடுபவர் என்று அறிந்து, ஒரு சுருதிப் பெட்டியை வைத்து ஒப்பிட்டால், புதுக்கியவர் வேகத்தைச் சரிபார்த்தாரா என்பது தெரிந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை.

மூன்றாவது, உரத்த ஒலியால் மயங்காமை. இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துக் கேட்டால், சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று செவி தீர்ப்பளிக்கும். இதனை அறிந்த நிறுவனத்தார், மெல்லிய இடங்களை உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடுவர். ஆலாபனையின் ஏற்றத்தாழ்வு அதில் அழியும். ஆகையால் இரண்டையும் ஒரே அளவிற்குச் சரிசெய்துகொண்டு கேட்பதே நேர்மை. எது எது என்று அறியாமற் கேட்டால் இன்னும் நன்று. வீட்டுக் குழந்தையை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லலாம்.

நான்காவது, எண்களின் மயக்கம். குறுந்தகடு வினாடிக்கு 44,100 மாதிரிகளை 16 பிட் அளவிற் கொள்வது. உயர்தரக் கோப்பு 96,000 மாதிரிகளை 24 பிட் அளவிற் கொள்வது. பழுதுபார்க்கும் பணிக்கு மிகுந்த எண் உதவும். எனினும் புனலிற் பாடிய பாட்டில் இல்லாத உயர் ஒலியை எந்த எண்ணும் கொண்டுவந்து சேர்த்துவிடாது. ஓலையில் இல்லாத அடியைப் பதிப்பாசிரியர் எங்கிருந்து கொடுப்பார்? ஒலிக்கூறுகளை விடாது சுருக்கும் ‘ஃபிளாக்’ போன்ற கோப்பாக வாங்கிக்கொள்வது போதும்.

மேல்நாட்டாரும் ஏமாறாமல் இல்லை. கலிபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி என்னும் நிறுவனம் 1977 முதல் செவிநுட்பமுடையோர்க்கென்றே தட்டு வெளியிட்டுப் புகழ் பெற்றது. மூலநாடாவிலிருந்து எண்முறை கலவாமல் எடுத்தவை என்று அன்பர்கள் நம்பி மிகுந்த விலை கொடுத்த தட்டுகளுட் பல, இடையில் எண்முறைப் பதிவொன்றின் வழியாக வந்தவை என்பது 2022-இல் வெளிப்பட்டது, வழக்கும் எழுந்தது. அதுவரை செவியால் அதைக் கண்டுபிடித்தவர் அரியர். எண்முறை தாழ்ந்தது என்பது இதன் படிப்பினை ஆகாது. பதிப்பு எந்த வழியாக வந்தது என்பதை உறையில் உள்ளவாறு எழுதவேண்டும் என்பதே படிப்பினை. நாமும் உறையைப் படிக்கப் பழகவேண்டும். வட்டத்தினுள் ‘பி’ என்னும் எழுத்தும் ஆண்டும் ஒலிப்பதிவின் வெளியீட்டைக் குறிப்பன. முதற்பதிவின் ஆண்டு, மூலம் நாடாவா தட்டா, புதுக்கியவர் யார் என்னும் மூன்றும் இருந்தால் நம்பி வாங்கலாம். மூன்றும் இல்லாத உறை, ஆசிரியர் பெயரற்ற மொழிபெயர்ப்பை ஒக்கும்.

இவ்வெச்சரிக்கைக்கு இப்பொழுது ஒரு தனிக்காரணமும் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். 1963-இல் வெளியானவற்றின் பதிவுரிமை 2023 முடிவோடு தீர்ந்தது. பாடலை இயற்றியவருக்குரிய உரிமை வேறு. அதனை இதனோடு குழப்பலாகாது. உரிமை தீரத் தீர, யார் வேண்டுமானாலும் எந்தத் தேய்ந்த பிரதியிலிருந்தும் ‘புதுக்கி’ வெளியிட வழி திறக்கிறது. நல்லனவும் வரும், பதரும் வரும்.

பழைய தட்டு உடையவர்களுக்கு இரண்டொரு சொல். அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது, எல்.பி. முள்ளால் அதனை ஓட்டலாகாது, அதற்கென அமைந்த தடித்த முள் வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயக் கலவையால் துடைத்தால் அரக்கு கரையும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப் போல் நிமிர்த்தி வையுங்கள். வேற்று மாநிலங்களில் வாழும் நமக்குத் துணைகளும் உண்டு: மும்பையில் 1990-இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம், 1982-இல் தொடங்கி இப்பொழுது தலைநகரை அடுத்த குருகிராமத்தில் நடைபெறும் இன இசையியல் ஆவணக் காப்பகம். நம் வானொலியும் தன் பழம் பதிவுகளை ‘ஆகாசவாணி சங்கீத்’ என்னும் வரிசையில் வெளியிட்டிருக்கிறது.

எம் தந்தையாரின் பெட்டி திரும்பவில்லை. திருப்பதிக்குச் சென்ற ஒரு முறை, கோவிந்தராஜர் சந்நிதிக்கு அண்மையில் வாழும் உறவினர் வீட்டுப் பரணில் அதே பாட்டின் தட்டொன்று கிடைத்தது. தூசு துடைத்து, ஏற்ற முள் கொண்டு, ஒன்றையும் நீக்காமல் அப்படியே கோப்பாக்கி எடுத்து வந்தோம். தில்லியில் அன்னையார் கேட்டார். மழை பெய்வது போன்ற இரைச்சல். இடையிடையே கீறலின் தட்டொலி. அவற்றின் அடியில், மெல்ல, விடாமல், தம்பூரா. “இதோ உட்கார்ந்திருக்கிறாங்களே” என்றார்.

ஆகவே நேயர்களே, புதுக்கிய பதிப்பை வாங்குங்கள். நல்லதை மனமாரப் பாராட்டுங்கள். நல்ல உரை மூலத்திற்கு விளக்கேற்றும் என்பதை மொழிபெயர்ப்பாளராகிய நாம் மறுக்கமாட்டோம். ஆனால் உரை வந்துவிட்டது என்று ஏட்டை எவரும் எரித்துவிடுவதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்குமாயின், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்பொழுது அதனை இறக்கித் தூசு தட்டி, உள்ளே இருப்பவற்றின் பட்டியல் ஒன்றை எழுதி வையுங்கள். சேகரம் அங்கிருந்தே தொடங்கட்டும்.