பர்னார்டு விண்மீனும் அதன் கோள்களும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இம்மன்றத்திலே கல்வி நிதியைப்பற்றியும் நூல் விலையைப்பற்றியும் பேசுவதே வழக்கம். யாம் இன்று ஒரு விண்மீனைப்பற்றிப் பேசப் போவதாகக் கேட்டு அன்பர் சிலர் புன்முறுவல் கொண்டனர். கொள்ளட்டும். இவ்விண்மீனின் கதை தறியின்முன் அமர்ந்து பழகியவர்க்கு முற்றிலும் அயலானதன்று. அதனை உரிய இடத்திற் காட்டுவோம்.

ஆனி மாதத்து நள்ளிரவிலே தென்வானில் விருச்சிக ராசி நன்கு விளங்கும். செந்நிறமான கேட்டையை அறியாதார் நம்மிற் சிலரே. அதற்கு வடக்கே பரந்து கிடக்கும் மீன்கூட்டத்தைப் பாம்பேந்தி என்னும் பொருள்படும் பெயரால் மேனாட்டார் வழங்குவர். அக்கூட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழ்நாட்டில் நின்று நோக்குவார்க்கு ஏறக்குறைய உச்சியிலேயே, இவ்விண்மீன் அவ்வேளையில் நிற்கிறது. ஆயினும் எத்துணைக் கூரிய பார்வையுடையாரும் இதனை வெறுங்கண்ணாற் காண இயலாது. சிறியதொரு தொலைநோக்கியேனும் வேண்டும்.

தொலைவின் மிகுதியால் இது மறைந்தது என்று எண்ணற்க. வானநூலார் கணக்கிலே இது நம் அடுத்த வீடு. இதன் ஒளி நம்மை வந்தடைய ஆறு ஆண்டுகள் செல்லும். மைலிற் கூறின் ஏறக்குறைய 35 லட்சம் கோடி. சென்டாரஸ் என்னும் மண்டலத்திலுள்ள மூன்று மீன்களை ஒரு குடும்பமாகக் கொண்டால், அதற்கு அடுத்தபடி நம் சூரியனுக்கு அண்மையிலுள்ளது இதுவே. புலப்படாமைக்குக் காரணம் இதன் குலம். வானநூலார் இதனைச் செங்குறுமீன் என்னும் வகையிற் சேர்ப்பர். சூரியனது நிறையில் ஆறில் ஒரு பங்கும், குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கும் உடையது. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 சென்டிகிரேட் வெப்பமுடையதாக, இதனது 2,900 அளவே. வீசும் ஒளியோ சூரியனொளியில் முந்நூற்றில் ஒரு கூறு. விண்மீன்களில் நான்கில் மூன்று பங்கு இத்தகைய செங்குறுமீன்களே என்பர். அவற்றுள் ஒன்றேனும் வெறுங்கண்ணுக்குத் தோன்றுவதில்லை. வானத்தில் நாம் கண்டு வியப்பன எல்லாம் சிறுபான்மையோரையே! பெருங்கூட்டம் இருளில் இருக்கிறது.

நிற்க. இதற்குப் பெயர் கொடுத்த பெரியாரைப்பற்றிச் சில சொல்லாமல் மேற்செல்ல எமக்கு மனமில்லை. எட்வர்டு எமர்சன் பர்னார்டு என்பார் 1857-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நாஷ்வில் என்னும் ஊரிற் பிறந்தவர். பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். வறுமை மிகுதியாற் பள்ளிக்கூடத்திற் பயின்றது ஏறக்குறைய இரண்டே மாதம் என்பர். ஒன்பதாம் வயதில் ஒரு புகைப்படக்காரரிடம் கூலிக்கு அமர்ந்தார். படங்களைப் பெரிதாக்கும் பெருங்கருவி ஒன்று அங்கே மாடியில் இருந்தது. அது வெயிலால் இயங்குவது. சூரியன் நகர நகர அதனையும் கையால் நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் சிறுவனுக்கு இட்ட பணி. மற்றச் சிறுவர்கள் உறங்கிப்போன வேலையில் இவர் விழித்திருந்தார். பின்னர் அரும்பாடுபட்டு ஒரு தொலைநோக்கி வாங்கி, வால்மீன்களைத் தேடலானார். புதிய வால்மீன் ஒன்றுக்கு 200 டாலர் பரிசளிக்க அக்காலத்தில் ஒரு செல்வர் முன்வந்திருந்தார். அப்பரிசுப் பணமே பர்னார்டின் வீட்டுக்கடனைத் தீர்த்தது. 1892-இல் வியாழனின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டார். 1916-இல், பழைய படத்தகடு ஒன்றையும் புதிய தகடு ஒன்றையும் ஒப்பிட்டு நோக்குங்கால், மங்கிய மீன் ஒன்று இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். அதுவே இது.

அதன் வேகம் வியப்புக்குரியது. முழுமதியின் அகலத்தை வானில் கடக்க அதற்கு 180 ஆண்டுகள் போதும். இஃதொரு வேகமா எனின், வேறெந்த விண்மீனும் நம் வானத்தில் இவ்வளவு விரைந்து நகர்வதில்லை என்பதே விடை.

விரைந்து நகர்வதனாலும் அண்மையில் இருப்பதனாலும், கோள்களைத் தேடுவார்க்கு இம்மீன் ஏற்றதாயிற்று. கோளுக்குத் தன்னொளி இல்லை. விண்மீனின் பிரகாசத்தில் அது மூழ்கிப்போகும். பின் அறிவது எங்ஙனம்? தாயொருத்தி தன் குழந்தையின் இரு கைகளையும் பற்றிச் சுழற்றும்போது குழந்தை பெருவட்டமாகச் சுற்றுகிறது. தாயும் நின்ற இடத்திலேயே சிறிது தள்ளாடுகிறாள். தொலைவிலிருந்து நோக்குவான் ஒருவனுக்குக் குழந்தை தெரியாவிடினும், தாயின் தள்ளாட்டத்தைக் கொண்டு அவள் கையில் ஏதோ உளதென்று துணியலாம். விண்மீன் நேர்வழியே செல்லாது நெளிந்து செல்லுமாயின், அதனைக் கோள் ஒன்று இழுக்கிறதென்று கொள்ளவேண்டும்.

பென்சில்வேனியா மாகாணத்தில் ஸ்வார்த்மோர் என்னும் ஊரிலுள்ள ஸ்ப்ரௌல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவரான பீட்டர் வான் டி காம்ப் இந்த நெளிவைத் தேடினார். ஹாலந்தில் 1901-இற் பிறந்தவர். 1938 முதல் ஆண்டுதோறும் இம்மீனைப் படமெடுத்துத் தகடுகளைச் சேர்த்து அளந்தார். கால் நூற்றாண்டுக்குப்பின், 1963-இல், இம்மீன் நெளிந்தே செல்கிறதென்றும், வியாழனினும் சற்றுப் பெரிய கோளொன்று 24 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனைச் சுற்றுகிறதென்றும் அறிவித்தார். அவர் கண்ட நெளிவு, தகட்டின்மேல், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூற்றிற்குச் சிறிது மேற்பட்டது. 1969-இல் கோள்கள் இரண்டு என்றார். உலகம் நம்பிற்று, பாடநூல்கள் ஏற்றன. 1973-இல் பிரிட்டனில் விண்வெளிப் பயணச் சங்கத்தார், ஆளில்லாத கப்பலொன்று 50 ஆண்டில் இம்மீனைச் சென்றடைவதற்குரிய திட்டத்தையும் வரையத் தொடங்கினர். அது காகிதத்தளவில் நின்றது.

அதே 1973-இல் இரண்டு செய்திகள் வெளிவந்தன. கேட்வுட், ஐகார்ன் என்னும் இருவர் வேறு நிலையங்களில் எடுத்த தகடுகளை அளந்து, நெளிவு யாதும் இல்லை என்றனர். மற்றொன்று இதனினும் கூரியது. ஸ்ப்ரௌல் நிலையத்துத் தகடுகளையே ஆராய்ந்த ஜான் ஹெர்ஷி என்பார், வானத்தின் வேறொரு மூலையிலுள்ள வேறொரு மீனும் அதே காலத்தில் அதே பாங்கில் விலகக் கண்டார். எந்தெந்த ஆண்டுகளில்? அந்நிலையத்துத் தொலைநோக்கியின் பெருங்கண்ணாடி பொருந்திய சட்டகத்தை 1949-இல் மாற்றியிருந்தனர். 1957-இல் கண்ணாடியைத் திருத்தி அமைத்திருந்தனர். விலகல்கள் அவ்வாண்டுகளோடு பொருந்தின.

தறியை முன்னர்க் குறித்தது இதற்காகவே. ஒரு தறியில் இறங்கும் புடவையில் நீளவாட்டில் ஒரு கீற்று விழுகிறது. நூலைக் குறைகூறிப் பாவை மாற்றுகிறோம். அடுத்த புடவையிலும் அதே இடத்தில் அதே கீற்று. அப்பொழுது அனுபவமுடைய நெசவாளர் நூலைப் பாரார். அச்சைத் தடவிப் பார்ப்பார், பல்லொன்று வளைந்திருக்கும். இரு வேறு நூலில் ஒரே குற்றம் தோன்றுமாயின் குற்றம் நூலினதன்று. ஹெர்ஷி செய்தது அதுவே.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். வான் டி காம்ப் வயதினும் புகழினும் மூத்தவர். ஹெர்ஷியோ அவருடைய நிலையத்திலேயே பணிபுரிந்தவர். நம் மரபிலே பெரியார் ஒருவர் சபையில் நிறுவிய பொருளை இளையார் மறுத்துரைப்பின், 'அவரினும் நீ அறிந்தனையோ?' என்று கேட்டு அமர்த்திவிடுதல் இன்றும் நிகழ்கின்றது, இம்மன்றத்திலும் நிகழ்ந்ததுண்டு. யாம் அதனை மரியாதை என்று கொள்ளோம். பெரியவர் சேர்த்துவைத்த தகடுகள் அத்துணை ஒழுங்காக, நாளும் ஆண்டும் பிறழாமல் இருந்தமையாலேயே அவற்றிலிருந்து குற்றத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. இளையவர் அத்தகடுகளை மதித்தார், ஆதலின் அளந்தார். பெரியவர் மட்டும் இறுதிவரை இசையவில்லை. 1982-இலும் தம் கொள்கையை எழுதி வெளியிட்டார். 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் காலஞ்சென்றார். அவ்வாண்டு அக்டோபரில், சூரியனையொத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளை மேயர், கேலோஸ் என்னும் ஸ்விட்சர்லாந்து அறிஞர் இருவர் முதன்முதல் மெய்ப்பித்தனர். இன்னும் ஐந்து மாதம் இருந்து அதனைக் கேட்டிருக்கலாமே என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

அவர்கள் கையாண்டது வேறு முறை. விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் அதில் மெல்லிய கருங்கோடுகள் தோன்றும். மீன் நம்மை நோக்கி வருங்கால் அக்கோடுகள் நீலப்பக்கமும், விலகிச் செல்லுங்கால் சிவப்புப் பக்கமும் நகரும். நம் கொடைக்கானல் மலையிலுள்ள வானாராய்ச்சி நிலையத்தில் எவர்ஷெட் என்பார் 1909-இல் சூரியனது கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்தலைக் கண்டதும் இக்கோடுகளின் நகர்ச்சியைக் கொண்டே. ஆனால் இம்முறைக்கும் ஓர் இடர் உண்டு. விண்மீன் தானே சுழல்கிறது. அதன் மேற்பரப்பிலும் புள்ளிகள் உள. அவையும் கோடுகளை அசைத்துக் கோளைப்போல் நடிக்கும்.

பர்னார்டு மீன் இரண்டாம் முறை ஏமாற்றியது இவ்வழியே. 2018-இல் ரீபாஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் இருபதாண்டு அளவுகளைத் திரட்டி, பூமியைப்போல் குறைந்தது மூன்று மடங்கு நிறையுள்ள கோளொன்று 233 நாளில் இதனைச் சுற்றுவதாக எழுதினர். 2021-இல் லூபின் முதலானோர் அதனை மறுத்தனர். மீன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 145 நாள் ஆகிறது. ஆண்டில் சில மாதங்கள் அது சூரியன் இருக்கும் பக்கம் சென்றுவிடுவதால் அளவுகளுக்கிடையே இடைவெளி விழுகிறது. சுழற்சியும் இடைவெளியும் கலந்து 233 நாள் என்னும் பொய்த்தாளத்தைத் தோற்றுவித்தன. முன்னே கண்ணாடி செய்த பிழையைப் பின்னே நாட்காட்டி செய்தது!

மூன்றாம் முறை அறிஞர் விழிப்பாயினர். தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், பரனால் மலைமேல் உள்ள பெருந்தொலைநோக்கியைக் கொண்டு கோன்சாலஸ் ஹெர்னாண்டஸ் என்பாரின் குழு ஐந்தாண்டுகள் நோக்கி, 2024 அக்டோபரில் ஒரு கோளை அறிவித்தது. இன்னும் மூன்று இருக்கலாம் என்று குறித்ததேயன்றி அவற்றை உறுதி என்னவில்லை. அவ்வடக்கத்தை யாம் பெரிதும் போற்றுகிறோம். பின்னர், பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கேயா மலையில், வேறு குழுவினர் வேறு கருவியால் நோக்கினர். சிக்காகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவரான ரித்விக் பசந்த் முதலாசிரியராக, 2025 மார்ச்சில் அவர்தம் கட்டுரை வெளிவந்தது. மூன்று கோள்கள் அவர்கள் கருவியிலேயே தெளிவாகத் தோன்றின. இரு மலையின் அளவுகளையும் ஒன்றாக வைத்தபோது நான்காவதும் உறுதியாயிற்று. இரு தறி, இரு அச்சு. துணியில் விழுந்த கோலம் ஒன்று.

அவர்கள் அளந்த நுட்பத்தை நம் அளவிற் கூறுவோம். அக்கோள்கள் இழுப்பதால் விண்மீன் முன்னும் பின்னும் அசையும் வேகம், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முழமும் அதற்குக் குறைவுமே. நான்காங் கோளுக்கு அரை முழம். தவழும் குழந்தை இதனினும் விரைந்து செல்லும். அம்மீனோ விநாடிக்கு 68 மைல் வீதம் நம்மை நோக்கி விரைந்து வருவது. அவ்வோட்டத்தினுள்ளே அரை முழ அசைவைப் பிரித்தறிந்தனர்.

கோள்கள் நான்கும் சிறியன. பூமியின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை உடையன. செவ்வாய்க்கு இரண்டு மூன்று மடங்கு என்னலாம். 2.34, 3.15, 4.12, 6.74 நாட்களில் தம் சூரியனைச் சுற்றிவருகின்றன. உள்ளே முதலாவதாக இருக்கும் கோளில் பஞ்சாங்கம் கணிப்பதாயின், பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபதாண்டுச் சக்கரமும் ஐந்து மாதத்திற்குள் சுழன்று முடியும். புதன் நம் சூரியனுக்கு எவ்வளவு அண்மையோ அதனினும் பத்து முதல் இருபது மடங்கு அண்மையில் இவை தம் மீனைச் சுற்றுகின்றன. ஆதலின், மீன் சிறிதாயினும், அவற்றின் வானத்தில் அது நம் சூரியனைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு அகலமாய்ச் செம்மை படர்ந்து தோன்றும். நம் திங்களைப்போல் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு இவை சுற்றக்கூடும் என்பர். அங்ஙனமாயின் ஒருபால் என்றும் பகல், மற்றொருபால் என்றும் இரவு.

அங்கே உயிர்கள் உளவா என்று கேட்கக் காத்திருக்கும் இளைஞர்க்கு யாம் இனிய விடை கூற இயலவில்லை. நான்கும் நீர் தேங்கி நிற்பதற்கு மிஞ்சிய வெப்பமுடையன. மீனும் முற்றிலும் சாந்தமானதன்று. முதுமையால் அடங்கியதென்று கருதியிருக்க, 1998-இல் அதனிடத்துத் திடீரெனப் பெருஞ்சுடர் எழுந்ததை அறிஞர் கண்டனர். நீர் நிற்றற்கேற்ற இடம் 10 முதல் 42 நாட்சுற்றுக்குள் அடங்கும். அவ்வெல்லையில் நம் பூமியையொத்த நிறையுடைய கோள் இருக்குமாயின் இவ்வளவுகளில் அகப்பட்டிருக்கும், அகப்படவில்லை. அதனினும் மிகச் சிறியது ஒன்று மறைந்திருத்தல் கூடும். அதனைப் பிடிக்கக் கால் முழமும் அதற்குக் குறைந்ததுமான அசைவை அளக்கவேண்டும்; இரவுகள் இன்னும் பல வேண்டும்.

விண்மீன் இதற்கிடையே வந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய கி. பி. 11,800-இல் அது நமக்கு மிக அண்மையில், நாலே ஒளியாண்டிற்கும் குறைந்த தொலைவில், கடந்து செல்லும். அப்பொழுதும் வெறுங்கண்ணுக்கு அது தோன்றாது.