தோற்றமும் கால்வழியும்

(கோழி வளர்ப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

ஐந்தாண்டுகட்கு முன் என் தமக்கையார், நாட்டுக்கோழிக் குஞ்சுகள் என்று சொல்லி விற்கப்பெற்ற இருபது குஞ்சுகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். கருப்பு, செம்மை, புள்ளி எனப் பல நிறங்கள். பார்த்தவர் எவரும் ஐயுறவில்லை. அவற்றுள் ஒரு சேவலை வைத்துக்கொண்டு, எங்கள் தாயார் காலத்திலிருந்து வழிவழி வந்த சேவலை விற்றுவிட்டார். ஈராண்டு சென்றது. முட்டைக்குக் குறைவில்லை, ஆயின் புதிய பெட்டைகளுள் ஒன்றேனும் அடையில் அமரவில்லை. பழைய பெட்டைகளோ மூத்து மடிந்தன. இன்று ஒவ்வொரு முறையும் குஞ்சுக்கு அவர் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார். காசு போனால் ஈட்டலாம். போன கால்வழியை எங்கே போய்த் தேடுவது?

அவரை ஏமாற்றியது நிறமே. நம் சிறுவிடைக் கோழிக்கு ஒரே நிறம் என்பது இல்லை. அதனாற்றான் பன்னிறக் கலப்பினக் குஞ்சுகள் அதன் பெயரில் எளிதாக விலைபோகின்றன. ஐதராபாத்தில் உள்ள நடுவணரசின் கோழி ஆய்வு நிறுவனம் வனராசா, கிராமப்பிரியா போன்றவற்றை உருவாக்கி, அவற்றின் சொந்தப் பெயரிலேயே வழங்கியது. அவை பயனுள்ள கோழிகளே. கலப்பு இழிவன்று; கலப்பினத்தைத் தூயவினம் என்று பெயர் மாற்றி விற்பதே இழிவு.

பெருவிடையாகிய அசில் கோழியைப் பார்ப்போம். நிமிர்ந்த நிலை, நீண்ட கழுத்து, உடலோடு ஒட்டிய குறைந்த இறகு, தாழ்ந்த பட்டாணிக் கொண்டை, இருப்பதே தெரியாத தாடி: இவை அதன் அடையாளங்கள். இவை அனைத்தும் உள்ள கோழி தூயதுதானா? அன்று. பட்டாணிக் கொண்டை, ஒற்றைக் கொண்டையை மறைக்கும் ஆற்றலுடையது. தூய அசில் சேவலை ஒற்றைக் கொண்டைப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் பட்டாணிக் கொண்டையே பெறும். அக்குஞ்சுகளைத் தம்முள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஒற்றைக் கொண்டையோடு வெளிப்படும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபுநெறி விலங்குகட்கும் பொருந்தும் என்பதை ஆங்கில அறிஞர் பேட்சன் 1902-இல் கோழிக் கொண்டைகளைக் கொண்டே காட்டினார்.

ஆகவே அசில் என்று காட்டப்பெறும் கோழிக்கு ஒற்றைக் கொண்டை இருப்பின் அது கலப்பு என்று துணிந்து சொல்லலாம். பட்டாணிக் கொண்டை இருப்பதனாலேயே தூயது என்று சொல்லிவிட முடியாது. அடையாளம் பொய்யை மறுக்க உதவும். மெய்யை நிறுவ அது ஒன்றே போதாது.

சாபுவாப் பகுதியின் கருங்கோழியாகிய கடக்நாத்துக்கும் இதுவே நெறி. அதன் கருமைப் பண்பும் கலப்புக் குஞ்சில் மேலோங்கித் தோன்றும். அதன் முட்டையோ கருப்பன்று, வெளிறிய பழுப்பே. கருமுட்டை என்று காட்டுபவன் அவ்விடத்திலேயே அகப்பட்டுக்கொள்வான்.

பின் எதைத்தான் நம்புவது? வழித்தோன்றல்களை. ஒரு சேவலையும் ஒருசில பெட்டைகளையும் தனியே அடைத்து வையுங்கள். பெட்டை முன்பு சேர்ந்த சேவலின் விந்தை இரண்டு மூன்று கிழமை தன்னுள் காத்து வைக்கும். ஆதலால் முதல் நான்கு கிழமை இட்ட முட்டைகளை உணவுக்குக் கொள்க; பின்னர் இடுவனவற்றையே அடைக்கு வைக்க. பொரித்த குஞ்சுகளை வளர்த்துக் கொண்டை, கால், உடலமைப்பு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். தாய்தந்தையர்போல் ஒருசீராக வருகின்றனவா, பலவாறு சிதறுகின்றனவா என்று காணுங்கள். இதை இரண்டு தலைமுறை செய்து பார்ப்பவரை எவரும் ஏமாற்ற இயலாது.

குஞ்சு வாங்கப் போகிறவர் அதன் தாயையும் தந்தையையும் காட்டுமாறு கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். எல்லாவற்றினும் மேலாக, புதிய சேவலின் வழித்தோன்றலைக் கண்டறியுமுன் வீட்டுச் சேவலை விற்றுவிடாதீர்கள். என் தமக்கையார் இதனைப் பிந்தி அறிந்தார். நீங்கள் முந்தி அறியுங்கள்.